வேல்ஸ் ரக்பி வரலாறை எங்கேருந்து பிடிக்கிறது: 1905-ஆ, 70ஸா, கோச் கேட்லண்ட் காலமா, இல்ல நடுவுல விழுந்து கெடந்த வருஷங்களா?

ஆபீஸ்ல ஒரு தம்பி இருக்கான், கிரிக்கெட் தவிர வேற எதையும் ஏறெடுத்தும் பாக்க மாட்டான். அவன் போன மாசம் டீ குடிக்கும்போது "அண்ணே, எப்ப பாத்தாலும் வேல்ஸ் வேல்ஸ்னு பொலம்புறீங்களே, அந்தக் கதையை நானும் தெரிஞ்சுக்கலாம்னு பாக்குறேன், எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்"னு கேட்டான். சட்டுன்னு "70ஸ்லேருந்து ஆரம்பி"ன்னு சொல்ல வாய் வந்துருச்சு, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்க. ஆனா சொல்லல. ஏன்னா நானே அப்படித்தான் ஆரம்பிச்சேன், அது தப்பான வாசல்னு புரியவே எனக்கு ரெண்டு மூணு வருஷம் ஆச்சு.

மொதல்ல ரெண்டே ரெண்டு வார்த்தை தெரிஞ்சுக்கோங்க, மீதி போகப்போக வந்துடும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூணு பேரையும் ஒரே சீசன்ல அடிச்சா ட்ரிபிள் கிரவுன். பிரான்ஸ் (2000லேருந்து இத்தாலியும்) சேர்த்து, வருஷா வருஷம் நடக்கிற ஃபைவ் நேஷன்ஸ் (இப்ப சிக்ஸ் நேஷன்ஸ்) போட்டியில இருக்கிற எல்லாரையும் அடிச்சா கிராண்ட் ஸ்லாம். வேல்ஸ்ல ஒருத்தரோட வயசைக் கண்டுபிடிக்கணும்னா பிறந்த தேதி கேக்க வேண்டாம், எத்தனை கிராண்ட் ஸ்லாம் பாத்தீங்கன்னு கேட்டா போதும்.

சரி, முதல் வழி, ஒழுங்கா தலையிலேருந்து ஆரம்பிக்கிறது. 1881 பிப்ரவரி 19, லண்டன் பக்கம் பிளாக்ஹீத்ல வேல்ஸோட முதல் சர்வதேச மேட்ச், எதிரே இங்கிலாந்து. வர வேண்டிய ரெண்டு பேர் வரலன்னு வேடிக்கை பாக்க வந்தவங்களை எறக்கி விட்டாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. ஸ்கோர் என்னன்னா, இன்னைக்குள்ள கணக்குப்படி போட்டா 82-0. அந்த அவமானத்துக்கு மூணே வாரத்துல, மார்ச் 12ஆம் தேதி, நீத் ஊர்ல ஒரு ஹோட்டல்ல உக்காந்து வேல்ஸ் ரக்பி யூனியனை ஆரம்பிச்சாங்க. அடிபட்ட உடனே சங்கம் வைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்ல போல.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். அப்பல்லாம் பின்வரிசையில பந்தை வாங்கிட்டு ஓடுற ஆளுங்க, த்ரீ குவார்ட்டர்னு பேரு, மூணு பேர்தான் ஆடுவாங்க. 1884ல கார்டிஃப் கிளப்ல ஒருத்தருக்குப் பதிலா உள்ள வந்த ஃப்ராங்க் ஹான்காக் பின்னி எடுத்துட்டார், பழைய ஆள் திரும்பி வந்ததும் யாரைத் தூக்குறதுன்னு தெரியாம நாலு பேரையும் வச்சுட்டாங்க. அவ்ளோதான். இன்னைக்கு உலகம் பூரா ரெண்டு சென்டர் ரெண்டு விங்னு ஆடுறாங்களே, அது இப்படி முடிவெடுக்க முடியாம போன ஒரு கமிட்டி மீட்டிங்ல பொறந்தது. அந்த நாலு பேர் முறையை வச்சு ஆர்தர் கூல்ட் கேப்டன்சியில 1893ல முதல் ட்ரிபிள் கிரவுன். அந்த சீசன் கார்டிஃப்ல இங்கிலாந்து மேட்ச்சுக்கு கிரவுண்டு உறைஞ்சு கல்லா இருந்துச்சுன்னு ராத்திரி முழுக்க கணப்புச் சட்டி வச்சு உருக்குனாங்க, அதுல 12-11னு ஜெயிச்சாங்க.

இந்தக் காலத்தோட உச்சம் 1905 டிசம்பர் 16. நியூசிலாந்தோட முதல் ஆல் பிளாக்ஸ் அணி பிரிட்டனுக்கு வந்து, வந்த இடமெல்லாம் துவம்சம் பண்ணிட்டு, ஒரு மேட்ச் கூட தோக்காம கார்டிஃப் வந்து நிக்குது. அவங்க ஹாக்காங்கிற மாவோரி நடனத்தை ஆடி முடிச்சதும் டெடி மார்கன் "என் தந்தையரின் பழைய நாடு"ங்கிற வேல்ஸ் கீதத்தை எடுத்துக் குடுக்க, 47,000 பேர் சேர்ந்து பாடுனாங்க. விளையாட்டுக்கு முன்னாடி தேசிய கீதம் பாடுற வழக்கம் உலகத்துலயே அங்கதான் ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. ஆட்டத்துல அதே மார்கன் போட்ட ஒரே ஒரு ட்ரை, 3-0 (எதிரணிக் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வைக்கிறதுதான் ட்ரை, அப்ப அதுக்கு 3 பாயின்ட்தான்). நியூசிலாந்தோட பாப் டீன்ஸ் கோட்டைத் தாண்டி பந்தை வச்சதுக்கு அப்புறம் பின்னால இழுத்தாங்களா, இல்ல கோட்டுக்கு முன்னாடியே விழுந்துட்டாராங்கிறது 120 வருஷமா நடக்கிற வாய்ச்சண்டை. டீன்ஸ் 1908லயே சின்ன வயசுல செத்துட்டார், சாகும்போதும் "நான் ட்ரை போட்டேன்"னு சொன்னார்னு ஒரு கதை, அந்தக் கதையை நியூசிலாந்துக்காரங்க விட மாட்டாங்க. 35 மேட்ச் ஆடுன டூர்ல அவங்க தோத்தது அந்த ஒன்னுதான்.

இந்த வழியில என்ன நல்லதுன்னா வேர் புரியும். தெற்கு வேல்ஸ் அப்ப நிலக்கரியில கொழிச்சுட்டு இருந்த நேரம், பள்ளத்தாக்கு முழுக்க வெளியூர்லேருந்து ஜனம் வந்து குவியுது, வந்தவன் போனவன் எல்லாரையும் "நாம வேல்ஸ்காரங்க"ன்னு சேர்த்துக் கட்டுன கயிறு இந்த ரக்பி. இங்கிலாந்துல பப்ளிக் ஸ்கூல் படிச்சவங்க ஆட்டம், இங்க டாக்டரும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே ஸ்க்ரம்ல தோள் குடுக்கிற ஆட்டம். 1900லேருந்து 1911க்குள்ள ஆறு ட்ரிபிள் கிரவுன். என்ன கெட்டதுன்னா, பாக்குறதுக்கு ஒன்னும் இல்ல. படிக்கத்தான் முடியும், அதுவும் விதிகள் எல்லாம் வேற, பாயின்ட் கணக்கு வேற. ரீல்ஸ் பாத்து வளர்ந்த பையனை 1881ல எறக்கி விட்டா 1893 வர்றதுக்குள்ள தூங்கிடுவான்.

ரெண்டாவது வழி, எல்லாரும் சொல்ற 70ஸ். வீடியோ கலர்ல இருக்கு, பேர்களைச் சொன்னாலே போதும்: கேரத் எட்வர்ட்ஸ், பேரி ஜான், ஃபில் பென்னட், ஜெரால்ட் டேவிஸ், ஜே.பி.ஆர். வில்லியம்ஸ், மெர்வின் டேவிஸ். 1969லேருந்து 1979க்குள்ள ஆறு ட்ரிபிள் கிரவுன், மூணு கிராண்ட் ஸ்லாம் (1971, 1976, 1978). எட்வர்ட்ஸ் 1967லேருந்து 1978 வரைக்கும் ஒரு மேட்ச் கூட விடாம வரிசையா 53 டெஸ்ட், 20 வயசுலயே கேப்டன். 1972ல ஸ்காட்லாந்துக்கு எதிரா ஓடிப்போய் சேத்துல விழுந்து முகமெல்லாம் சிவப்புச் சேறோட எழுந்து வந்தாரே அந்த ட்ரையைப் பாத்துட்டு ரக்பி பிடிக்கலன்னு சொன்னா அவனுக்கு எதுவும் பிடிக்காது. 1971ல ஸ்காட்லாந்தோட மர்ரேஃபீல்ட் கிரவுண்டுல, கடைசி நேரம், ஒரு பாயின்ட் பின்னாடி, ஓரக்கோட்டுக்குப் பக்கத்துலேருந்து ஜான் டெய்லர் இடதுகால்ல அடிச்ச கன்வர்ஷன் (ட்ரைக்கு அப்புறம் கம்பத்துக்கு நடுவுல அடிக்கிற கிக், 2 பாயின்ட்), 19-18. இதே டெய்லர்தான் அதுக்கு முன்னாடி சீசன்ல, நிறவெறி பிடிச்ச தென்னாப்பிரிக்கா அணி வந்தப்போ அவங்களோட ஆட மாட்டேன்னு சொன்னவர், அதையும் சேர்த்துத்தான் அந்தக் கிக்கை ஞாபகம் வச்சுக்கணும்.

பேரி ஜானைப் பத்தி சொல்லாம போக முடியாது. 1971ல லயன்ஸ்ங்கிற பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியோட நியூசிலாந்து போய் அவங்க மண்ணுலயே சீரிஸ் ஜெயிச்சு திரும்பினார், ஜனங்க ராஜான்னே கூப்பிட்டாங்க, அடுத்த வருஷமே 27 வயசுல போதும்னு விட்டுட்டார். புகழ் தாங்கல. அந்த லயன்ஸ் டூருக்கு கோச் கார்வின் ஜேம்ஸ், பேரி ஜானோட அதே கெவ்னைதின் கிராமத்துக்காரர். நியூசிலாந்துல ஜெயிச்ச அந்த மனுஷன் வேல்ஸ் அணிக்கு ஒரு நாள் கூட கோச்சா இருக்கல, கமிட்டிக்காரங்களோட ஒத்துப்போகல. உள்ளூர் மருந்து பலிக்காதுங்கிறது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

இவ்ளோ நல்லா இருக்கே, அப்புறம் ஏன் இங்கேருந்து ஆரம்பிக்கக் கூடாதுங்கிறேன்? ரெண்டு காரணம். ஒன்னு, இதைப் பாத்துட்டா அப்புறம் வர்ற எதுவும் ருசிக்காது, விருந்துல பாயசத்தை மொதல்ல குடிச்சுட்டு ரசம் கேக்குற மாதிரி. வேல்ஸ்காரங்களுக்கே அந்த வியாதி உண்டு, 80ஸ் 90ஸ்ல பேரி ஜான் ஆடுன பத்தாம் நம்பர் இடத்துல வந்த ஒவ்வொருத்தனையும் அவரோட வச்சு அளந்து அளந்து நசுக்குனாங்க. ரெண்டாவது, இந்தத் தங்கக் காலம் நாம நினைக்கிற அளவு முழுத் தங்கம் இல்ல. இந்த அணி நியூசிலாந்தை ஜெயிச்சதே கிடையாது. 1969ல அங்க போய் ரெண்டு டெஸ்ட்டும் தோல்வி, 1972ல கார்டிஃப்ல 16-19, 1978ல 12-13. அந்தக் கடைசி மேட்ச்ல நியூசிலாந்தோட ஆண்டி ஹேடன் லைன்அவுட்ல (வெளிய போன பந்தை உள்ள எறியுறப்போ) யாரோ தள்ளிவிட்ட மாதிரி நடிச்சு விழ, கிடைச்ச பெனால்டியில மேட்ச் போச்சு (ரெஃப்ரி பெனால்டி குடுத்தது அந்த நடிப்புக்கு இல்ல, வேற ஆள் மேல நடந்த தப்புக்குன்னு விளக்கம் சொல்வாங்க, வேல்ஸ்ல அதை யாரும் காதுல வாங்குறது இல்ல). கடைசியா நியூசிலாந்தை ஜெயிச்சது 1953, 13-8. வேல்ஸ் ரக்பியோட மனசுல உள்ள முள்ளு அதுதான், 70ஸ் ஹைலைட்ஸ் பாத்தா அந்த முள்ளு கண்ணுல படாது.

மூணாவது வழி, வாரன் கேட்லண்ட் கோச்சா இருந்த காலம். 2007 உலகக் கோப்பையில ஃபிஜிகிட்ட 34-38னு தோத்து வெளிய வந்த அணியை எடுத்து, அடுத்த வருஷம் முதல் மேட்ச்லயே ட்விக்கன்ஹாம்ல இங்கிலாந்துக்கு எதிரா 6-19 பின்தங்கி 26-19னு ஜெயிச்சு, அதே சீசன்ல கிராண்ட் ஸ்லாம். ஷான் எட்வர்ட்ஸ் டிஃபென்ஸ் கோச், 2008 சீசன் பூரா வேல்ஸ் விட்ட ட்ரை வெறும் ரெண்டு. அப்புறம் 2012, 2019னு இன்னும் ரெண்டு ஸ்லாம், 2013ல ஸ்லாம் அடிக்க வந்த இங்கிலாந்தை 30-3. ஷேன் வில்லியம்ஸ் மாதிரி பொடியன் பெரிய பெரிய ஆளுங்களை சுத்தி ஓடி வேல்ஸுக்காக 58 ட்ரை போட்டது, ஆலன் வின் ஜோன்ஸ் வேல்ஸுக்கு மட்டும் 158 டெஸ்ட் ஆடுனது, எல்லாம் எச்.டி.யில கிடைக்குது, விதிகளும் இன்னைக்குள்ளதுக்குப் பக்கத்துல இருக்கு. புதுசா வர்றவனுக்கு சுலபம்னு பாத்தா இதுதான். நான் நேரலையில பாத்து மாட்டுனதும் இங்கதான், 2011 உலகக் கோப்பை அரையிறுதி, கேப்டன் சாம் வார்பர்ட்டன் 20 நிமிஷம் கூட ஆகாம ரெட் கார்டு வாங்கிப் போக, 14 பேரோட மீதி நேரம் பூரா போராடி 8-9னு பிரான்ஸ்கிட்ட தோத்தாங்க. கடைசியில வேல்ஸோட ஹாஃப்பென்னி பாதிக் கோட்டுக்கிட்டேருந்து அடிச்ச பெனால்டி குறுக்குக் கம்பிக்கு கொஞ்சம் கீழ விழுந்துச்சு. அன்னைக்கு வேற ஊர்க்காரனுக்காக நான் எதுக்கு அழணும்னு எனக்கே தெரியல.

ஆனா இதுல மட்டும் ஆரம்பிச்சா இன்னைக்கு நிலைமை புரியாது. 2019 ஆகஸ்ட்ல உலகத்துல நம்பர் ஒன்னா இருந்த அணி, 2023 அக்டோபர்லேருந்து 2025 ஜூலை வரைக்கும் வரிசையா 18 டெஸ்ட் தோத்துச்சு, ரெண்டாவது தடவையா வந்த கேட்லண்டே பாதி சீசன்ல போனார், அதே 2025 மார்ச்ல கார்டிஃப்லயே இங்கிலாந்து 68-14. கேட்லண்ட் காலம் மட்டும் தெரிஞ்சவனுக்கு இது இடி விழுந்த மாதிரி இருக்கும். வரலாறு தெரிஞ்ச வேல்ஸ்காரங்க பெருமூச்சு விட்டு "மறுபடியுமா"ன்னாங்க. அந்த "மறுபடியுமா" எங்கேருந்து வருதுன்னு தெரியணும்னா நாலாவது வழிக்கு வரணும்.

நாலாவது வழி யாரும் சொல்ல மாட்டாங்க, 80ஸ் கடைசியிலேருந்து 90ஸ் கடைசி வரைக்கும். வாழ்ந்து கெட்ட வீட்டுக் கதை. ஆரம்பம் நல்லாத்தான் இருக்கும், 1987 முதல் உலகக் கோப்பையில மூணாவது இடம், 1988ல ட்ரிபிள் கிரவுன். அதே 1988ல நியூசிலாந்து போய் 52-3, 54-9. திரும்பி வந்து கேப்டன் ஜோனத்தன் டேவிஸ், நம்ம நிலைமையைப் பத்திப் பேசணும்னு யூனியன் கூட்டத்துல நேரம் கேட்டார், குடுக்கல. 1989 ஜனவரியில ரக்பி லீக்குங்கிற, காசு குடுக்கிற இன்னொரு வகை ரக்பிக்குப் போய்ட்டார். வேல்ஸ் ஆடுற ரக்பி யூனியன் ஆட்டம் அப்ப அமெச்சூர், ஒரு பைசா கிடையாது, லீக்குக்குப் போனவன் திரும்பி வரவும் முடியாது, கிட்டத்தட்ட ஊர் விலக்கு. சுரங்கம் ஒவ்வொன்னா மூடிட்டு இருந்த காலம் வேற, வீட்ல அடுப்பு எரியணுமே. அவருக்குப் பின்னாடி வரிசையா கிளம்புனாங்க. 1990ல சரித்திரத்துலயே முதல் தடவையா சாம்பியன்ஷிப்ல நாலு மேட்ச்சும் தோல்வி. 1991 உலகக் கோப்பையில சொந்த ஊர்ல மேற்கு சமோவாகிட்ட 13-16, "நல்லவேளை, முழு சமோவாவும் வரல"ன்னு ஒரு ஜோக் உண்டு, இன்னைக்கும் கார்டிஃப் பப்ல சொல்வாங்க. 1998ல வெம்பிளியில பிரான்ஸ் 51-0, அதே ஜூன்ல பிரிட்டோரியாவுல தென்னாப்பிரிக்கா 96-13. தொன்னூத்தாறு!

இதுல ஆரம்பின்னா எவன் ஆரம்பிப்பான்னு கேப்பீங்க. நான் சொல்றது இந்தப் பத்து வருஷத்தை முழுசாப் பாருன்னு இல்ல, அதோட கடைசி நாளைப் பாரு. 1999 ஏப்ரல் 11, வெம்பிளி. கார்டிஃப்ல பழைய ஆர்ம்ஸ் பார்க்கை இடிச்சுட்டு புது ஸ்டேடியம் கட்டிட்டு இருந்ததால, வேல்ஸ் தன்னோட "சொந்த" மேட்ச்சை லண்டன்ல ஆட வேண்டிய கொடுமை, அதுவும் இங்கிலாந்துக்கு எதிரா, ஜெயிச்சா இங்கிலாந்துக்கு கிராண்ட் ஸ்லாம். அடுத்த வருஷம் இத்தாலி சேருறதால ஃபைவ் நேஷன்ஸ்ங்கிற போட்டிக்கே அது கடைசி மேட்ச். மேட்ச்சுக்கு முன்னாடி டாம் ஜோன்ஸ் வந்து பாடுறார். நீல் ஜென்கின்ஸ், பாண்டிப்ரித் பையன், காது பெருசு முடி செவப்புன்னு கேலி பண்ணி, இவன் பேரி ஜானான்னு கேட்டு கேட்டு சாவடிச்ச அதே ஆளு, ஆறு பெனால்டி ஒன்னு விடாம அடிச்சு அணியை ஆட்டத்துல நிக்க வைக்கிறார். கடைசி நிமிஷங்கள்ல 31-25 இங்கிலாந்து. அதுக்கு முன்னாடி கிடைச்ச ஒரு பெனால்டியை அவங்க கேப்டன் டலாலியோ கோலுக்கு அடிக்காம ஓரத்துக்கு அடிக்கச் சொன்னார், அந்த 3 பாயின்ட் இருந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும். அப்புறம் லைன்அவுட், ஸ்காட் குவின்னல் கையில பந்து துள்ளுது, எப்படியோ பிடிச்சு பக்கத்துல தர்றார், ஸ்காட் கிப்ஸ் முழு வேகத்துல வந்து வாங்கி அஞ்சாறு பேரைத் தாண்டி, கோட்டுக்கு முன்னாடியே கையைத் தூக்கிக்கிட்டு உள்ள போறார். கன்வர்ஷன் ஜென்கின்ஸ். 32-31. அந்த ஒரு பாயின்ட்டால கோப்பை ஸ்காட்லாந்துக்குப் போச்சு, அதைப் பத்தி வேல்ஸ்ல யாருக்கும் கவலை இல்ல.

இந்த ஒரு மேட்ச்சை ஏன் வாசல்ங்கிறேன்னா, இதுல இருக்கிற ஒவ்வொரு ஆளையும் பிடிச்சு இழுத்தா ஒரு காலம் வரும். கிப்ஸும் குவின்னலும் 1994ல லீக்குக்குப் போய், 1995ல யூனியன் காசு ஆட்டமா மாறுனதும் திரும்பி வந்தவங்க, அதை இழுத்தா ஜோனத்தன் டேவிஸ் வருவார், அப்படியே பின்னாடி போனா 1920ஸ், 30ஸ் பஞ்சத்துல லீக்குக்கும் இங்கிலாந்து ஃபேக்டரிக்கும் போன கூட்டம் வரும். குவின்னலோட அப்பா டெரெக் 70ஸ் அணியில ஆடுனவர், மாமா யாருன்னா பேரி ஜான். விங்ல நிக்கிற கேரத் தாமஸ், 2005ல 27 வருஷத்துக்கு அப்புறம் கிராண்ட் ஸ்லாம் அடிச்ச அணிக்கு கேப்டன். அன்னைக்கு வேல்ஸோட முதல் ட்ரை போட்ட ஷேன் ஹவார்த் நியூசிலாந்துக்காகவே ஏற்கனவே நாலு டெஸ்ட் ஆடுனவர், வேல்ஸ் தாத்தான்னு சொல்லி வந்தார், அடுத்த வருஷம் விசாரிச்சா அப்படித் தாத்தாவே இல்ல. தொடர்ந்து தோத்தவன் எவ்ளோ அவசரத்துல இருந்தான்னு அதுலயே தெரியும். கோச் கிரஹாம் ஹென்றி நியூசிலாந்துக்காரர், அவருக்கு அப்புறம் ஸ்டீவ் ஹான்சன், சில வருஷம் கழிச்சு கேட்லண்ட், எல்லாம் அதே ஊர். ஜெயிக்க முடியாத ஊர்லேருந்தே வாத்தியாரைக் கூட்டிட்டு வர்ற இந்த விசித்திரம் 1905ஐத் தெரிஞ்சவனுக்கு இன்னும் நல்லா உறைக்கும்.

இன்னொன்னு, அந்த வெம்பிளி நாளுக்கு ரெண்டரை மாசம் கழிச்சு, 1999 ஜூன் 26, பாதி கட்டி முடிச்ச புது ஸ்டேடியத்துல முதல் மேட்ச், தென்னாப்பிரிக்காவை 29-19. அவங்களை ஜெயிச்சது சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவை, 96 வாங்கி சரியா ஒரு வருஷம். அப்புறம் அக்டோபர்ல அதே ஸ்டேடியத்துல உலகக் கோப்பை, அங்க வந்து மறுபடியும் யார்கிட்ட தோத்தாங்கன்னு நினைக்கிறீங்க? சமோவாதான், 31-38.

குறை இல்லாம இல்ல. ஆட்டத்தோட தரம்னு பாத்தா 1999 மேட்ச் 70ஸ் பக்கத்துல நிக்காது, நிறைய பெனால்டி, நிறைய நிறுத்தம். ரக்பியோட அழகுக்காக மட்டும் வர்றவங்க தாராளமா 1971க்குப் போங்க, தடுக்க மாட்டேன். வீட்ல பசங்களோட உக்காந்து பாக்கப் போறீங்கன்னா 2019 நல்லது, பாரிஸ்ல பாதி நேரத்துல 0-16 இருந்து 24-19 ஜெயிச்ச அந்த முதல் மேட்ச்லேருந்து வரிசையா அஞ்சும் போடுங்க. சமூக வரலாறு, தொழிற்சங்கம், நிலக்கரின்னு ஆர்வம் உள்ளவங்க மட்டும் தலையிலேருந்து படிங்க, உங்களுக்கு 1881 போர் அடிக்காது.

தம்பிக்கு நான் குடுத்த வரிசை இதுதான்: வெம்பிளி 1999, கையோட பிரிட்டோரியா 1998 ஸ்கோர் (மேட்ச் வேண்டாம், ஸ்கோர் போதும்), அப்புறம் 2005, அங்கேருந்து கேட்லண்ட் காலம், 2011 அரையிறுதிக்கு மட்டும் தனியா ஒரு ராத்திரி, அதுக்கப்புறம்தான் பின்னாடி திரும்பி 70ஸ், கடைசியா 1905. ஞாயித்துக்கிழமை ராத்திரி 12 மணிக்கு மெசேஜ் வந்துச்சு, "அண்ணே அந்த டலாலியோ ஏன் மூணு பாயின்ட் எடுக்கல"ன்னு.

இங்கிலாந்துக்காரங்க 1999லேருந்து அதைத்தான் கேட்டுட்டு இருக்காங்கன்னு பதில் போட்டேன்.